சரித்திரத்தில் சாட்சிகள்: சிறையிருந்த ராணி கேத்தேவன்



கொல்கத்தாவில் பிழைப்பு நாடி வந்து வாழும் நம்மில் அநேகர் படாபஜாருக்குச் சரக்கு வாங்கச் செல்கிறவர்கள். அங்கே ஆர்மீனியத் தெருவில், கடைகளின் நெரிசலுக்குள் 1724-ல் கட்டப்பட்ட ஆர்மீனிய ஆலயம் நிற்கிறது. அம்மக்களின் முன்னோரில் பலர் விரும்பி ஊரைவிட்டுப் புறப்பட்டவர்களல்லர். பெர்சியாவின் ஷா அப்பாஸ் 1604-ல் ஜூல்பா பட்டணத்தாரை வேரோடு பெயர்த்து இஸ்பகானுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து வணிகத்திற்காகப் புறப்பட்டவர்களின் சந்ததியாரே வங்காளக் கரையிலும் குடியேறினர்.

அதே அரசரின் கையில் அகப்பட்டவர் ஜார்ஜிய ராணி கேத்தேவன். (அமெரிக்க மாநிலம் என்று எண்ணவேண்டாம், கருங்கடலோரத்து ஜார்ஜியா இது.) நான்காம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ மார்க்கத்தை ஏற்ற தேசம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் நான்காம் தாவீது ராஜாவும் தாமார் ராணியும் அதை வல்லரசாக்கினர். பின்னாளில், சாலொமோனுக்குப்பின் இஸ்ரவேல் பிரிந்ததுபோல், அதுவும் கார்த்லி, காக்கேத்தி, இமெரெத்தி எனப் பிளவுண்டது. மேற்கே துருக்கியர், கிழக்கே பெர்சியர். உள்ளே உறவினரே ஒருவருக்கொருவர் சத்துருக்கள்.

1605-ல் காக்கேத்தியின் இளவரசன் கான்ஸ்தாந்தீன், பெர்சிய அரசவையில் வளர்ந்தவன், தன் தகப்பனையும் சகோதரனையும் ஒரே நாளில் கொன்று சிங்காசனம் ஏறினான். அப்சலோமுங்கூட அந்த அளவுக்குப் போகவில்லை! கான்ஸ்தாந்தீனுடைய மற்றொரு சகோதரனின் விதவையே கேத்தேவன். அவர் பிரபுக்களைத் திரட்டி அவனை முறியடித்தார். தம் மகன் தெய்முராஸை அரசனாக்கினார்.

சில ஆண்டுகளில் ஷா அப்பாஸ் படையெடுத்து வந்தபோது, தெய்முராஸ் தன் தாயையும் இரு குமாரரையும் பிணையாக அனுப்பினான். தேசமாவது தப்பிற்றா? இல்லை. காக்கேத்தி பாழாக்கப்பட்டது, பல்லாயிரவர் பெர்சியாவுக்குக் கொண்டுபோகப்பட்டனர். பிள்ளைகள் இருவரும் அண்ணகராக்கப்பட்டனர். அம்மகனின் முடிவை நியாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

கேத்தேவனோ சீராஸ் நகரில் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் காவலில் இருந்தார். மதம் மாறினால் உயிரும் கனமும் கிடைக்கும், மறுத்தால் மரணம். 1624-ல் அவர் மறுத்தார். பழுக்கக் காய்ச்சிய இடுக்கிகளால் வதைக்கப்பட்டு இரத்தசாட்சியாக மரித்தார். தெய்முராஸ் பின்பு தாயின் பாடுகளைக் காவியமாகப் பாடினான்.

சீராஸிலிருந்த அகுஸ்தீனிய துறவிகள் அவர் எலும்புகளில் சிலவற்றை 1627-ல் கோவாவுக்குக் கொணர்ந்தனர். எலும்புகளுக்கு ஆராதனை செய்வது நம் வழக்கமன்று. ஆயினும் தன் எலும்புகளைக் கானானுக்குக் கொண்டுபோக யோசேப்பு ஆணையிடுவித்ததை நாம் வாசித்திருக்கிறோம். மடம் இடிந்தது, எலும்புகளும் மண்ணுக்குள் மறைந்தன. அகழாய்வில் கிடைத்த எலும்பொன்றை ஐதராபாத் விஞ்ஞானிகள் மரபணுச் சோதனை செய்து, அது அவருடையதாக இருக்கக்கூடும் என்றனர். 2021 ஜூலையில் இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் அதன் ஒரு பகுதியைத் திபிலிசி நகரில் ஜார்ஜிய அரசிடம் ஒப்படைத்தார்.