பழைய கணக்கு, புது ராக்கெட்!

1996-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி. தென் அமெரிக்காவில், பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரு ஏவுதளம். "ஏரியன்-5" என்ற ஐரோப்பிய ராக்கெட் முதன் முதலாகக் கிளம்பியது. ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. வானத்திலேயே வெடித்துச் சிதறியது! உள்ளே இருந்த 4 செயற்கைக்கோள்களும் அழிந்தன.

ராக்கெட்டின் வேகத்தையும் சாய்வையும் அளந்து சொல்ல ஒரு கருவி உண்டு. அதில் இருந்த கம்ப்யூட்டர் புரோகிராம், பழைய ஏரியன்-4 ராக்கெட்டுக்காக எழுதியது. அங்கே நன்றாக வேலை செய்தது. அதனால் அப்படியே எடுத்துப் பொருத்தினார்கள்.

புது ராக்கெட்டின் வேகமோ அதிகம். புரோகிராமில் ஓர் எண் 32,767-க்கு மேல் போனது. அதற்கு அங்கே இடம் இல்லை. கருவி நின்றுவிட்டது.

உதவிக்கு இன்னொரு கருவி இருந்ததே? இருந்தது. அதிலும் அதே புரோகிராம்! அது முந்திக்கொண்டு நின்றிருந்தது.

கருவியைக் குறை சொல்லிப் பயன் இல்லை. சேர்த்து வைத்துச் சோதிக்காதது யார் குற்றம்? தரையில் ஒத்திகை நடந்தது. ஆனால் இந்தக் கருவியை அதில் சேர்க்கவில்லை. கதாநாயகன் வராத நாடக ஒத்திகைதான்! சேர்த்துச் சோதித்திருக்க முடியும் என்று பிறகு விசாரணைக் குழுவே சொன்னது.

இன்னொரு வேதனை. தவறிய அந்தக் கணக்கு, ஏரியன்-5 தரையை விட்டு எழும்பிய பிறகு தேவையே இல்லாதது.