யூரியாவும் மடிக்கணினியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

விஞ்ஞானம் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட காலம் இது. கைப்பேசி இல்லாத மாணவர் நம் கல்லூரியில் அரிது. மடிக்கணினி வைத்திருப்போரும் பலர். ஆனால், அவற்றை வாங்கும்போதே உள்ளே குடியிருக்கும் மென்பொருள்களை யார் வைத்தார்கள், எதற்காக வைத்தார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

மேலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த எனக்கு இக்கேள்வி புதிதன்று. யூரியாத் தட்டுப்பாடு வரும் பருவத்தில் கடைக்குப் போனால், ஒரு மூட்டை யூரியாவோடு நாம் கேட்காத வேறோர் உரத்தையும் தலையில் கட்டுவார்கள். அது வேண்டாமென்றால் யூரியாவும் இல்லை. உரத்தில் இது தவறென்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். கணிப்பொறியில் மட்டும் எப்படிச் சரியாகும்?

இயங்குதளம் என்பது கணிப்பொறியின் அஸ்திவாரம். நினைவகத்தைப் பங்கிடுவது, கோப்புகளைக் காப்பது, விசைப்பலகையையும் திரையையும் இயக்குவது ஆகியன அதன் பணிகள். இவையின்றி இயந்திரம் எழாது. ஆனால் கேட்காமல் வந்த விளையாட்டும், கடைச் செயலியும், சில நாள் மட்டும் இலவசமாக ஓடும் சோதனைப் பதிப்பும் அஸ்திவாரமா? வாடகை வீட்டில் வீட்டுக்காரர் போட்டுவைத்த தட்டுமுட்டுச் சாமான்களே அவை. வாடகை நாம் கொடுக்கிறோம். அறையை அவர் அடைத்துக்கொள்கிறார்.

இது இடப் பிரச்சினை மட்டுமன்று. என் தோழர் ஒருவரின் மடிக்கணினியில் இப்படி வந்த வைரஸ் தடுப்பு மென்பொருளின் தவணை முடிந்தது. அன்றுமுதல் ஆங்கிலத்தில், சிவப்பு எழுத்தில், 'ஆபத்து' என்று அது எச்சரித்துக்கொண்டே இருந்தது. மாட்டுத்தாவணியில் சுமை தூக்கும் அவருடைய தந்தை, மகன் படிப்பு கெட்டுவிடுமோ என்று அஞ்சி, இரண்டு நாள் கூலியை அதற்குக் கட்டினார். விண்டோஸிலேயே 'டிஃபெண்டர்' என்னும் பாதுகாப்பு இருக்கிறது. சோதனைப் பதிப்பை நீக்கினால் அது தானாகவே விழித்துக்கொள்ளும். இதை அவருக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

மற்றொரு விந்தையும் உண்டு. தமிழ் 99 விசைப்பலகை இன்றைய விண்டோஸில் உள்ளேயே இருக்கிறது. மொழி அமைப்பில் சேர்த்துக்கொண்டால் போதும். அதை அறியாமல் நாம் வேறு எங்கெங்கோ தேடி அலைகிறோம். வேண்டியது உள்ளறையில் உறங்குகிறது. வேண்டாதது வாசலில் நின்று கூவுகிறது.

"எல்லாவற்றையும் நீக்க விட்டால், அறியாத பிள்ளைகள் இயந்திரத்தையே கெடுத்துவிடுவார்களே!" என்பர் சிலர். இதற்கு வழி முன்பே காணப்பட்டுள்ளது. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கத்தில், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரோடு 'பாஸ்' லினக்ஸும் தரப்பட்டது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. டெபியனில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் அது எவ்வளவு இன்றியமையாதது என்ற குறி உண்டு. ஒன்றை நீக்கச் சொன்னால், அதனோடு வேறு எவையெவை போகும் என்று பட்டியலிட்டுக் காட்டிவிட்டு நம் சம்மதத்தைக் கேட்கும். அஸ்திவாரக் கல்லில் கைவைத்தால் தடுக்கும். அறியாதவரைக் காக்கவும் வேண்டும், உரியவர் உரிமையை மதிக்கவும் வேண்டும் என்றால், இதைவிட வேறென்ன வேண்டும்?

சட்டமும் இதில் மெல்ல விழித்து வருகிறது. விண்டோஸோடு மீடியா பிளேயரைப் பிணைத்ததற்காகவும் 2004இல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டைத் தண்டித்தது. ஆண்ட்ராய்டு தொடர்பாக நம் நாட்டின் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஆனால், முன்பே நிறுவப்பட்ட கூகுள் செயலிகளைப் பயனர் நீக்குவதைத் தடுக்கக் கூடாது என்ற உத்தரவை ரத்து செய்துவிட்டது. 2024 முதல் ஐரோப்பிய நாடுகளில் விண்டோஸின் 'எட்ஜ்' உலாவியை முறைப்படி நீக்க முடிகிறது. பாரிஸ் மாணவருக்கு உள்ள உரிமை மதுரை மாணவருக்கு ஏன் கூடாது?

என் வேண்டுகோள் இரண்டு. பொதுப்பணத்தில் கணிப்பொறி வாங்கும்போது, சோதனைப் பதிப்புகளும் விளம்பரச் செயலிகளும் இருக்கக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். லட்சக்கணக்கில் வாங்குபவர் சொன்னால் விற்பவர் கேட்பார். அடுத்து, நம் கல்லூரியில் எந்தப் பாடம் படிப்பவராயினும், முதலாண்டு மாணவருக்கு ஒரே ஒரு மணி நேரம் ஒதுக்கி, தம் இயந்திரத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கவும், முக்கியக் கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டு, வேண்டாததை நீக்கவும் பேராசிரியப் பெருமக்கள் கற்றுத்தர வேண்டும்.

நண்பர்களே! வயலில் களையையும் பயிரையும் பிரித்தறியத் தெரிந்த பெற்றோரின் பிள்ளைகள் நாம். கணிப்பொறியிலும் அது நம்மால் ஆகாத காரியமன்று.