ஒரு ஊசி போதாது, சகோதரிகளே!

14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் சகோதரிகள் பலர், எங்கள் அடி அண்ணாமலை தெரு நாய்களுக்கு பிஸ்கட் போட்டுவிட்டுப் போகிறார்கள். நல்ல மனசு! ஆனால், பிஸ்கட்டால் தடுக்க முடியாத ஆபத்து ஒன்று உண்டு. அதுதான் 'டிஸ்டெம்பர்' என்ற வைரஸ் நோய்.

"எங்க நாய்க்குத்தான் ஊசி போட்டாச்சே!" என்போம். அது பெரும்பாலும் வெறிநோய் ஊசியாக இருக்கும். டிஸ்டெம்பருக்குத் தடுப்பூசி வேறு. குட்டிக்கு 6-8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் சளி, முற்றினால் இழுப்பு. இருமல், தும்மலிலேயே அடுத்த நாய்க்குத் தொற்றும். வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. 2018-ல் குஜராத் கிர் காட்டில் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோது, அவற்றில் சிலவற்றிடம் இந்த வைரஸ்தான் இருந்தது. சிங்கத்துக்கே அந்தக் கதி என்றால், தெருக்குட்டி எம்மாத்திரம்?

இழுப்பு வந்த நாயை 'வெறிநாய்' என்று கல்லால் அடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எது வெறிநோய், எது டிஸ்டெம்பர் என்று பார்வைக்குத் தெரியாதுதான். அதனால் கிட்டே போகாமல், பிள்ளைகளையும் விடாமல், கால்நடை டாக்டருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

நாலு வீடு சேர்ந்தால், நம் தெருவில் பிறக்கும் குட்டிகளின் ஊசிச் செலவு பெரிய பாரமாகாது. சோறு வைக்கும் கை, இதையும் செய்யலாமே!

- ஒரு வாசகி, அடி அண்ணாமலை.