நோயாளியின் கட்டிலுக்கு எந்தப் பூச்சு?

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளிக்காக அறையைப் புதுப்பித்து வைப்பது நம் குடும்பங்களின் அன்பான வழக்கம். சுவருக்கு வண்ணம் பூசுவர். பழைய தேக்குக் கட்டிலுக்குப் பாலிஷ் போடுவர். நுரையீரல் நோய்களுக்குச் சிகிச்சையளிக்கும் எங்களுக்கு அந்தப் பாலிஷ் கவலை தருகிறது.

இரண்டு கலவைகளைச் சேர்த்துப் பூசும் பி.யூ. பாலிஷில் ஐசோசயனேட் உண்டு. அதைக் கையாளும் தொழிலாளருக்கே ஆஸ்துமாவை உண்டாக்கவல்ல பொருள் அது. மெலமைன் பூச்சிலிருந்து பார்மால்டிஹைடு வெளியாகிறது. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் முடிவு செய்தது. தின்னரின் நெடியோ, ஏற்கெனவே இழைப்புள்ளவருக்கு மூச்சுத்திணறலைத் தூண்டப் போதுமானது.

மரத்திற்கு மெருகு வேண்டுமென்றால் ஆளிவிதை எண்ணெயே மேலானது என்பது எங்கள் கருத்து. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகிப் படலமாகும் எண்ணெய் அது. கண்ணாடிப் பளபளப்பு கிடைக்காது. நோயாளியின் அறைக்கு அது எதற்கு? வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயைத் தடவுவோர் உண்டு. அது காயவே காயாது. பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும்.

ஆனால், பாரம்பரியம் என்ற சொல்லே பாதுகாப்புச் சான்றிதழ் ஆகிவிடாது. கரையான் அண்டாதிருக்க மரத்தில் பூசப்படும் முந்திரி ஓட்டு எண்ணெயும் பாரம்பரியமானதுதான். தோலில் பட்டால் கொப்புளம் எழும். கடைகளில் விற்கும் ‘பாயில்டு’ ஆளிவிதை எண்ணெயில், விரைவில் உலர்வதற்காகக் கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோக உப்புகளைச் சேர்ப்பதுண்டு. எதுவும் சேர்க்காத பச்சை எண்ணெயைக் கேட்டு வாங்குங்கள். மெல்லிய பூச்சுக்கூட உலர்ந்து முடியச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை அதிலிருந்தும் ஆல்டிஹைடு வாடை வரும். வாடை நீங்கும்வரை நோயாளி வேறு அறையில் உறங்கட்டும். அவ்வளவு அவகாசம் இல்லையெனில், கட்டிலை ஈரத்துணியால் துடைத்தாலே போதும். பழைய கட்டிலில் படுப்பதால் எவருக்கும் நோய் கூடுவதில்லை.

இனி, எண்ணெய் துடைத்த துணி. அதைச் சுருட்டி மூலையில் போட்டால், எண்ணெய் உலர்கையில் எழும் வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பற்றும். 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 38 மாடிக் கட்டடம் ஒன்று எரிந்தது. மரவேலைக்குப் பயன்படுத்திய இத்தகைய துணிகளிலிருந்தே தீ மூண்டது. தீயணைப்பு வீரர் மூவர் மாண்டனர். எங்கள் நோயாளிகள் பலரின் வீட்டில் ஆக்சிஜன் கருவி இருக்கிறது. ஆக்சிஜன் மிகுந்த இடத்தில் தீ இன்னும் விரைவாகப் பரவும். ஆகவே பூச்சு வேலையை வீட்டிற்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். துணிகளை நீரில் நனைத்து, நீர் நிரம்பிய தகர டப்பாவிலிட்டு மூடி, அன்றே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள்.