அன்பு விளியும் அகராதியும்

2009 ஆம் ஆண்டிலே கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன், அவ்வூர் மாணவர் 'பாதை' எனப்படும் படகிலேறித் துறை கடந்தே திருகோணமலைக்குக் கற்க வருவர். அவ்வாறு வந்த ஒருவன், முதல்நாளன்றே மேல்வகுப்பு மாணவரொருவரைக் "காக்கா" என்று விளித்தான். வகுப்பு முழுதும் நகைத்தது. நகைத்தவருள் யாமும் இருந்தோம். கிழக்கிலங்கை முஸ்லிம் மக்கள் தமையனை அங்ஙனம் அழைப்பர் என்பதை அன்று யாம் அறிந்திலேம். எமது அகராதியில் அது பறவையாகவே இருந்தது. அதன்பின் அவன் எவரையும் உறவு சொல்லி அழைத்ததில்லை.

இந்நிகழ்ச்சியை மீளவும் நினைப்பித்தது ஸ்பானிய மொழி. அம்மொழி பயிலும் இளைஞரொருவர் அண்மையில் எம்மிடம் ஓர் ஐயம் கொணர்ந்தார். கரீபியன் தீவுகளிலே ஸ்பானிய மொழி பேசும் தாய் தன் சிறுமகளை 'மாமி' என்றும், மகனைப் 'பாப்பி' என்றும் கொஞ்சுவாள். முன்னதன் பொருள் அம்மா. பின்னதன் பொருள் அப்பா. பெற்றவளே மகளை அம்மா என்பது என்ன முறை என வினவினார். "வாம்மா, சாப்பிடம்மா என்று உம் தந்தையார் உம் தங்கையை அழைப்பதில்லையோ?" என்றோம். அவர் வாயடைத்துப்போனார்.

மெக்சிக்கோவில் முதியோர் பிறர் பிள்ளையையும் 'மிஹோ' என்பர். என் மகன் எனப் பொருள்படும் 'மி இஹோ' என்பதன் குறுக்கம் அது. கிண்ணியாச் சந்தையில் மீன் நிறுத்துத் தரும் பெரியவர், முன்பின் அறியாத எம்மையும் "மகன்" என்றே அழைக்கிறார். இதற்கு அகராதி எதற்கு? யார், யாரை, எந்தக் குரலில் அழைத்தார் என்பதன்றோ பொருள்! தடியன் எனப் பொருள்படும் 'கோர்தோ' என்பதை ஆர்ஜென்டீனாவில் மனைவி கணவனுக்குச் சொன்னால் கொஞ்சல். வழிப்போக்கன் சொன்னால் வசை. எமது 'மச்சான்' மட்டும் என்னவாம்? தோழனிடத்தில் தேன், அறியாதவனிடத்தில் வம்பு.

மாணவர் கட்டுரைகளிலே வாப்பா, உம்மா, ராத்தா என்னுஞ் சொற்களைக் கொச்சையென்று சிவப்பு மையால் அடிக்கும் ஆசிரியர் இன்னும் உளர். அவர்தம் தமிழ்ப்பற்றை யாம் ஐயுறவில்லை. ஆயினும் அடிபடுவது சொல் மட்டுமன்று, ஒரு பிள்ளையின் வீடு என்பதை அவர் எண்ணுதல் வேண்டும். ஆறாம் வகுப்பின் முதல்நாளிலே, தமையனை வீட்டில் எவ்வாறு அழைப்பீர் என ஒவ்வொரு மாணவனையும் வினவி, அண்ணா, காக்கா, நானா, சிங்கள அயலவரின் 'அய்யா' என அனைத்தையும் கரும்பலகையில் எழுதச் செய்யலாம். கால்மணி நேரம் போதும்.

எம் தோழனிடம் யாம் மன்னிப்புக் கேட்டது நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே. அவர் அந்நிகழ்ச்சியை மறந்திருக்கவில்லை.