தராசு யார் கையில்?

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ கடைத்தெருவில் அரை நாழிகை நின்று ஜனங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால், அவ்விரு நகரங்களின் நிலைமை எந்தச் சர்க்கார் அறிக்கையைக் காட்டிலும் தெளிவாக விளங்கிவிடும். சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ரெயிலும் நெடுஞ்சாலையும் இரண்டு ஊர்களையும் தொட்டே போகின்றன. விழுப்புரம் பல திசை இருப்புப்பாதைகள் வந்து கூடும் ஜங்ஷன். 1993-ஆம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி முதல் ஒரு ஜில்லாவின் தலைநகரம். ஊர் வளர்ந்தது, கடைகள் பெருகின, கட்டடங்கள் உயர்ந்தன. ஆனால் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து மூட்டையோடு வந்து வெறுங்கையோடோ சொற்பப் பணத்தோடோ திரும்பும் குடியானவன் பேசும் பேச்சு மாத்திரம் மாறவில்லை. எடை என்ன வந்தது, விலை என்ன விழுந்தது, பணம் என்றைக்குக் கைக்கு வரும் என்ற மூன்று கேள்விகளுக்குள் அவனுடைய உலகம் அடங்கிக் கிடக்கிறது.

இவை அற்ப விஷயங்கள், அரசியலில் இவற்றுக்கு இடமில்லை என்று கருதுவோர் நம் தொண்டர்களிடையே உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. விழுப்புரம் ஜவுளிக்கடையில் தீபாவளி வியாபாரம் நன்றாக நடந்ததா, திண்டிவனத்துப் பாத்திரக்கடைக்காரர் பழைய பாக்கியை வசூலித்தாரா, பள்ளிக்கூடச் சம்பளம் தவணைப்படி கட்டப்பட்டதா என்பவை யாவும் அந்த மூன்று கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையையே பொறுத்தவை. இந்நகரங்களின் செல்வம் கிராமத்து மூட்டையிலிருந்து வருவது. மூட்டை ஏமாந்தால் கடைத்தெருவும் சேர்ந்தே ஏமாறும்.

தென்னாற்காட்டுச் சீமை மல்லாட்டைச் சீமை. புத்தகங்களில் வேர்க்கடலை என்றும் நிலக்கடலை என்றும் எழுதப்படுவதை இப்பக்கத்துக் குடியானவன் மணிலாக்கொட்டை என்பான். அதுவும் நாவில் தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. தென் அமெரிக்காவில் பிறந்த பயிருக்கு எங்கோ கிழக்குக் கடலில் இருக்கும் பிலிப்பைன் தீவுப் பட்டணத்தின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டதை என்னவென்பது! பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தக் கொட்டை புதுச்சேரித் துறைமுகத்தில் கப்பலேறிப் பிரான்சு தேசத்து மார்செய் நகரின் எண்ணெய் ஆலைகளுக்குப் போயிற்று. 1879-ஆம் வருஷம் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இருப்புப்பாதை திறக்கப்பட்டதும் அவ்வியாபாரம் இன்னும் ஓங்கியது. விதைக்கும்போதே முன்பணம் கொடுத்து, அறுவடையைத் தன் மண்டிக்கே கொண்டுவரும்படி கட்டிப்போடும் வழக்கமும் கூடவே வளர்ந்தது. கடன் கொடுத்தவனே விலை சொல்வான். அவனே தராசையும் பிடிப்பான். மண்டி வாசலில் பேரம் பேசும் சுதந்தரம் கடனாளிக்கு எங்கிருந்து வரும்?

அத்தோடு கழிவுகள். சாக்கு எடைக்கு ஒரு கழிவு, மண்ணுக்கும் ஈரத்துக்கும் ஒரு கழிவு, எடை போடுகிறவனுக்கு ஒரு கூலி, மாதிரி பார்க்கும் பெயரால் நாலைந்து கை அள்ளல், இவற்றின்மேல் மகமை. மகமையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கோயிலுக்கும் சத்திரத்துக்கும் தருமத்துக்கும் என்று பிடிக்கப்படும் அந்தப் பணம் தன்னளவில் தீயதன்று. விருதுநகரத்து வியாபாரிகள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட மகமையாலும், வீடுதோறும் எடுத்துவைத்த பிடியரிசியாலும் க்ஷத்திரிய வித்தியாசாலையை நடத்தினார்கள். காமராஜர் படித்தது அங்கேதான். அங்கே கொடுத்தவர்களே கணக்கும் கேட்டார்கள். மல்லாட்டைக் குடியானவன் கொடுத்த மகமைக்கோ அவனைக் கணக்குக் கேட்க அழைத்தவர் இல்லை. ஒரே பெயருடைய வரி ஓரிடத்தில் பள்ளிக்கூடமாயிற்று, மற்றோரிடத்தில் கொள்ளை என்று பெயர் எடுத்தது. வித்தியாசம் பணத்தில் இல்லை. கணக்குப் புத்தகம் யாருக்குத் திறந்திருந்தது என்பதில் இருந்தது.

இந்த அநியாயங்கள் வெள்ளைக்காரச் சர்க்காருக்கும் தெரியாமல் இல்லை. 1926-இல் நியமிக்கப்பெற்று 1928-இல் அறிக்கை சமர்ப்பித்த விவசாய ராயல் கமிஷன், நியாயமான எடையும் வெளிப்படையான விலையும் கிடைக்கும் ஒழுங்கான சந்தைகளைச் சட்டத்தின்மூலம் அமைக்க வேண்டும் என்று சிபார்சு செய்தது. அக்கமிஷனின் தலைவர்தாம் பின்னாளில் வைசிராயாக வந்து 1942-இல் காங்கிரஸ் தலைவர்களைச் சிறையில் அடைத்த லின்லித்கோ பிரபு. கெட்ட வைசிராயும் நல்ல யோசனை ஒன்றைக் கையெழுத்திட்டிருக்கிறார், அதை மறைப்பானேன்? சென்னை மாகாணத்தில் 1933-இல் வியாபாரப் பயிர்களுக்கான சந்தைச் சட்டம் பிறந்தது. 1936-இல் திருப்பூரில் பருத்திக்கு முதல் ஒழுங்குமுறைச் சந்தை ஏற்பட்டது. பின்னர் தென்னாற்காட்டில் மல்லாட்டைக்கும் அந்தப் பாதுகாப்பு வந்தது. சுதந்தரத்துக்குப் பின் 1959-ஆம் வருஷத்துச் சட்டமும், அதன்பின் 1987-ஆம் வருஷத்துச் சட்டமும் அதை விரிவாக்கின. ஆக, விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, அரகண்டநல்லூர் முதலிய ஊர்களில் இன்று நாம் காணும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த தானம் அல்ல. இந்தக் குடியானவனுடைய மூன்று கேள்விகளுக்கு விடையாகவே சட்டம் எழுப்பிய ஸ்தாபனங்கள்.

விற்பனைக்கூடத்தில் நடைமுறை இது. குடியானவன் காலையில் மூட்டைகளை இறக்குகிறான். குவியலுக்கு எண் கிடைக்கிறது. வியாபாரிகள் மாதிரி பார்த்து, ஒருவர் எழுதுவதை மற்றொருவர் அறியாதபடி விலையைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். இதுவே மறைமுக ஏலம். உயர்ந்த விலை எழுதியவருக்கே சரக்கு. சந்தைக் கட்டணம் வாங்குகிறவரைச் சார்ந்தது; விற்கிறவனிடம் கமிஷன் பிடிக்கக் கூடாது. விலை பிடிக்கவில்லையெனில் விற்க மறுக்கவும் குடியானவனுக்கு உரிமை உண்டு. சரக்கைக் கிடங்கில் வைத்து அதன் ஈட்டின்பேரில் குறைந்த வட்டிக்குக் கடன் பெறவும் வழி இருக்கிறது. 2016 ஏப்ரல் 14-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய மின்னணுச் சந்தையின்படி தூர தேசத்து வியாபாரியும் விலை கேட்கலாம்.

காகிதத்தில் இதைவிட அழகான ஏற்பாடு வேண்டியதில்லை. இவ்வட்டாரத்து விற்பனைக்கூடம் ஒன்றுக்கு நாம் சென்றிருந்தோம். ஊரின் பெயர் இங்கே வேண்டாம். முதியவர் ஒருவர் நான்கு மூட்டை மல்லாட்டையுடன் விடியுமுன் வந்து உட்கார்ந்திருந்தார். விலை விழுந்தபோது பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. முந்தின வாரம் பக்கத்து நிலத்துக்காரருக்குக் கிடைத்ததைவிட விலை குறைவு. "வேண்டாம் என்று சொல்லலாமே, ஐயா" என்றோம். அவர் சிரித்தார். "சொல்லலாம் சாமி. வண்டிச் சத்தம் யார் கொடுப்பது?" என்றார். ஈட்டுக் கடனைப் பற்றிக் கேட்டோம்; அப்படி ஒன்று இருப்பதாக அவரிடம் ஒருவரும் சொன்னதில்லையாம். சட்டம் அவருக்கு மறுக்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. அந்த உரிமையைப் பிரயோகிக்கும் சக்தியை ஒருவரும் கொடுக்கவில்லை. வண்டி வாடகை கொடுக்க முடியாதவனுடைய உரிமை சுவரில் ஒட்டிய அறிவிப்போடு நின்றுவிடுகிறது.

இவ்வித மனக்குறை முற்றும்போதுதான் குடியானவர்கள் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்கிறார்கள். வியாபாரிகள் கூடிப் பேசி விலையை இறக்கிவிட்டார்கள், பணம் நாட்கணக்கில் வரவில்லை, மூட்டைகள் மழையில் நனைந்தன என்ற புகார்கள் இந்த ஜில்லாவில் புதியவை அல்ல. பஸ் போக்குவரத்து ஒரு மணி நேரம் நிற்கும், அதிகாரி வருவார், சமாதானம் சொல்வார், கூட்டம் கலையும். அடுத்த பருவத்தில் அதே இடத்தில் அதே காட்சி.

வியாபாரிகளின் பக்கத்தையும் சொல்லாமல் விடுவது தருமம் அன்று. ஈரச் சரக்கை வாங்கி ஆலையில் கொடுக்கும்போது ஏற்படும் நஷ்டம் அவர்களுடையது. பணம் சுழலாத சிறிய வியாபாரி பெரிய ஆலைக்காரரின் பாக்கிக்குக் காத்திருக்கிறார். 2024 நவம்பர் 30-ந் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் மாத்திரம் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த வெள்ளம் வயலையும் கடையையும் பிரித்துப் பார்க்கவில்லை. விழுப்புரத்துக்கு வடக்கே பாலத்தடியில் வெள்ளம் அபாய அளவைத் தொட்டதால் ரெயில்களே நின்றுபோயின. அந்நாட்களில் குடியானவனும் வியாபாரியும் ஒரே நிவாரண வரிசையில் நின்றார்கள். ஆதலின் நாம் வியாபாரி வர்க்கத்தின்மேல் வசை பாட வரவில்லை. இருவருக்கும் நடுவே நிற்க வேண்டிய ஸ்தாபனம் நிற்கிறதா என்பதே நம் கேள்வி.

அந்த ஸ்தாபனத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? சட்டம் விற்பனைக் குழுவில் விளைவிப்போருக்கும் வியாபாரிகளுக்கும் இடம் வகுத்திருக்கிறது. ஆனால் இன்றைய முப்பது வயதுக் குடியானவன் எவனும் விற்பனைக் குழுவுக்குத் தான் வாக்களித்ததாகச் சொல்லி நாம் கேட்டதில்லை. அவனுக்குத் தெரிந்த குழு ஓர் அதிகாரியின் கையெழுத்துதான். கூட்டுறவுச் சங்கங்களின் கதையும் இதற்கு உறவே. நம் பாட்டன்மார் ஐக்கிய நாணய சங்கம் என்று அழைத்த அந்த இயக்கம் 1904-ஆம் வருஷத்துச் சட்டத்தோடு இந்நாட்டில் வேரூன்றியது; அதே வருஷம் சென்னைத் திருவல்லிக்கேணியில் படித்த நடுத்தர வர்க்கத்தார் தங்களுக்கென்று பண்டகசாலை தொடங்கினார்கள். இங்கிலாந்தில் 1844-இல் ராச்டேல் நகரத்து நெசவாளிகள் காட்டிய வழி அது. இன்று நகரவாசி ரேஷன் அரிசி வாங்கும் கடைகளில் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்களால் நடத்தப்படுபவையே. ஆனால் அக்கடையைச் சர்க்கார் கடை என்கிறானேயொழியத் தன் சங்கத்துக் கடை என்று எவன் சொல்கிறான்? 2018-இல் சங்கங்களுக்குத் தேர்தல் நடந்தது. அதிலும் கட்சிச் சண்டையே முன்னின்றது. அக்குழுக்களின் காலம் 2023-இல் முடிந்ததும் நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போயிற்று. தனி அலுவலரில் நல்லவர் பலர் உண்டு. ஆனால் அவர் மாற்றலாகிப் போகிறவர். மெம்பர்களுக்குப் பதில் சொல்லும் கடமை அவருக்கு இல்லை, மேலதிகாரிக்கே உண்டு.

வாக்களிப்பதில் இவ்வட்டாரத்து ஜனங்களுக்கு ஊக்கமில்லை என்று யாரேனும் சொல்வாராயின் அது பொய். 2024 ஜூலையில் விக்கிரவாண்டித் தொகுதி இடைத்தேர்தலில் நூற்றுக்கு 82 பேருக்கு மேல் வாக்களித்தார்கள். அதே வருஷம் அக்டோபர் 27-இல் விக்கிரவாண்டியை அடுத்த வி. சாலையில் நடந்த அரசியல் மாநாட்டுக்குத் திரண்ட கூட்டத்தைத் தேசமே பார்த்தது. ராஜ்யத்தை ஆள்வது யார் என்று தீர்மானிக்கத் தகுதியுள்ளவன், தன் மல்லாட்டை மூட்டையை நிறுக்கும் கூடத்தை மேற்பார்க்கத் தகுதியற்றவனா? திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரில் பிறந்த விவசாயி ராமசாமி ரெட்டியார் 1947-இல் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். ஜமீன் ஒழிப்புச் சட்டம் அவர் ஆட்சியில்தான் நிறைவேறியது. மாகாணத்தை நிர்வகிக்க ஒரு விவசாயியை அனுப்பிய தாலூகாவுக்கு ஒரு விற்பனைக்கூடத்தை நிர்வகிக்க ஆள் கிடையாது என்பதை நாம் நம்பத் தயாரில்லை.

குஜராத்தில் கேடா ஜில்லாப் பால்காரர்கள், தங்களிடம் மலிவாக வாங்கிப் பம்பாயில் லாபத்துக்கு விற்ற கம்பெனிக்குப் பால் ஊற்ற மறுத்து, 1946-இல் தங்கள் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். சர்தார் படேல் சொன்ன யோசனை அது. அவர்கள் சாலையில் உட்காரவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. உட்கார்ந்து எழுந்தபின் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தையும் தாங்களே எடுத்துக்கொண்டார்கள் என்பதே விசேஷம்.

கூடத்தையே ஒழித்து வியாபாரத்தைத் திறந்துவிடலாம் என்பாரும் உளர். பீகார் 2006-இல் அவ்வாறு செய்தது; அதனால் அங்குள்ள குடியானவன் செழித்துவிட்டதாகக் காணோம். 2020-இல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த மூன்று சட்டங்களும் டில்லி எல்லையில் ஒரு வருஷம் நடந்த கிளர்ச்சியின்பின் 2021-இல் வாபஸ் ஆயின. ஓட்டை விழுந்த குடையைச் செப்பனிடச் சொன்னால் குடையைப் பிடுங்கி எறிகிற வைத்தியம் நமக்கு வேண்டாம்.

நாம் கேட்பது அதிகம் இல்லை. விற்பனைக் குழுவிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் குடியானவர்களே வாக்களித்து அனுப்பிய பிரதிநிதிகள் உட்கார வேண்டும். ஒவ்வொரு நாளும் எத்தனை மூட்டை வந்தது, எத்தனை பேர் விலை எழுதினார்கள், உயர்ந்த விலை என்ன, தாழ்ந்த விலை என்ன, பணம் எத்தனை பேருக்கு அன்றே போயிற்று என்பதைக் கூடத்து வாசலில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். விலை பிடிக்காமல் மறுக்கிறவனுடைய மூட்டைக்கு அன்றே கிடங்கில் இடமும் ஈட்டுக் கடனும் கிடைக்க வேண்டும். மழைக்கு முன் களத்துக்குக் கூரை வேண்டும்.

சர்க்கார் இவற்றைச் செய்யும்வரை நம் தொண்டர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஊருக்கு இரண்டு வாலிபர்கள், வாரத்தில் ஒரு நாள் கூடத்துக்குச் சென்று காலை முதல் எடை முடியும்வரை அங்கேயே இருக்கட்டும். யாரோடும் சண்டை வேண்டாம். படிக்கத் தெரியாதவருக்குச் சீட்டைப் படித்துக் காட்டட்டும். ஈட்டுக் கடன் மனுவை எழுதிக் கொடுக்கட்டும். அன்றைய விலையைக் குறித்துக்கொள்ளட்டும். விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் அவ்வாறு குறித்து அனுப்பப்படும் விலைப்பட்டியலை இப்பத்திரிகை வாரந்தோறும் இடம் ஒதுக்கிப் பிரசுரிக்கும்.