சிக்னல் போனா விமானம் என்ன செய்யும்?

ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம் சொன்ன பேச்சு கேட்கலைன்னா, பழைய நாளில் முதல் சந்தேகம் பக்கத்தில் நிற்பவர் மேல்தான். பிரிட்டனில் இவற்றுக்கு 35 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. ஒரு சேனலில் ஒருவர்தான் பறக்கவிடலாம். இன்னொருவர் அதே சேனலை ஆன் பண்ணினால், விமானம் தரையில் விழும். அதனால் மைதானத்தில் பலகை வைத்து, சேனலுக்கு ஒரு கிளிப் என்று முறை வைத்தார்கள்.

இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகள் அலைவரிசையை நொடிக்குப் பலமுறை மாற்றிக்கொள்கின்றன. ரிசீவரும் தன்னோடு 'பைண்ட்' செய்த ரிமோட்டுக்கு மட்டுமே கட்டுப்படும். பலகைக்கு வேலையில்லை. ஆனால், ஆபத்து போய்விடவில்லை. பேட்டரி இறங்கினாலோ, ஆன்டெனாவை கார்பன் ஃபைபர் மறைத்தாலோ சிக்னல் அறுந்துபோகலாம்.

அப்போது கைகொடுப்பது 'ஃபெயில்சேஃப்'. அதைச் சரியாக செட் செய்யாவிட்டால், சில ரிசீவர்கள் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். முழு வேகத்தில் போன விமானம், அதே வேகத்தில் ஆட்கள் மேல் பாயலாம். த்ராட்டில் அடங்கும்படி செட் செய்திருந்தால், விமானம் பக்கத்திலேயே இறங்கிவிடும். உடைந்தால் நஷ்டம் பணத்தோடு போகும்.

சோதிப்பது சுலபம். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு மோட்டாரை ஓட்டுங்கள். ரிமோட்டை ஆஃப் செய்யுங்கள். மோட்டார் நிற்குதா? நின்றால் மட்டும் பறக்கவிடுங்கள்.